துரை படத்துக்குப் போட்ட மாலை

தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிறவனைக் காரில் முன்னால் உட்கார வைக்கக்கூடாது. நான் அப்படி உட்கார்ந்து போனவன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். கண்டியில் எனக்கு வாத்தியார் வேலை. ஜவுளிக்கடை முதலாளி ஒருவரின் மகளைப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தேன். எனக்குப் பிடித்துவிட்டது. முதலாளிதான் முடிவு சொல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தார். வத்தேகமப் பக்கத்து மலையில், செடிகொடிகளை ஆராய்ந்து பேர்பெற்ற வெள்ளைக்கார விஞ்ஞானி ஒருவர் சிறுவயதில் வாழ்ந்த வீட்டை அப்போது நினைவிடமாக்கியிருந்தார்கள்.

"படிச்சவரு நீங்க. எங்களக் கூட்டிட்டுப் போயி காட்டுங்களேன், மாஸ்டர்" என்றார் முதலாளி.

"அதுக்கென்ன ஐயா, எனக்கு நல்லாத் தெரிஞ்ச எடம்." (வத்தேகமவைத் தாண்டி நான் போனதே இல்லை.)

ஞாயிற்றுக்கிழமை அவர், மனைவி, மகள், நான் நால்வரும் வாடகைக் காரில் கிளம்பினோம். பெரிய மனிதர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா என்று மல்லிகை மாலையும் கற்பூரமும் வாங்கி வைத்திருந்தேன். தேயிலைக்கு நடுவே ஒரு பங்களா தெரிந்ததும், "இதுதான், நிப்பாட்டுங்க" என்றேன். கதவு திறந்து கிடந்தது, ஆளைக் காணோம். நினைவிடம் என்றால் அப்படித்தானே இருக்கும் என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம்.

கூடத்தில் மீசை வைத்த வெள்ளைக்காரர் படம். மாலையை மாட்டிக் கற்பூரம் காட்டினேன். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். மூலையில் மெத்தை போட்ட பிரம்புக் கூடை ஒன்று இருந்தது.

"அவரு சின்ன வயசுல படுத்த தொட்டில்" என்றேன்.

"இவ்வளவு நாய் மயிரு கெடக்கே, தம்பி?" என்றார் பெண்ணின் அம்மா.

"விஞ்ஞானி இல்லையா, பிராணிகளோடயே வளந்தவரு."

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. படத்தில் இருந்தவர் குளித்துவிட்டு இடுப்பில் துவாயோடு வெளியே வந்தார். அதே மீசை. பெண்ணின் அம்மா "முருகா" என்று என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பியாக இருக்குமோ? செத்தவரேதானோ? அவர் மாலையைப் பார்த்தார், கற்பூரத்தைப் பார்த்தார், யார் செத்துப்போனது என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனாலும் துரை கேட்டால் பதில் சொல்லாமல் நிற்கலாமா? "தாங்கள்தான், ஐயா" என்று அதே ஆங்கிலத்தில் பணிவாகச் சொன்னேன்.

அவர் போட்ட சத்தத்தில் கூடையின் சொந்தக்கார நாயும் வந்து சேர்ந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினோம். நினைவிடம் அடுத்த வளைவில் இருந்ததாம். "தெரிஞ்ச எடம்னீங்க, அதான் நான் வாயத் தொறக்கல" என்றார் டிரைவர்.

கண்டி வரும்வரை முதலாளி காலில் ஒட்டிய மண்ணையே துடைத்துக்கொண்டு வந்தார். பெண் கைவிட்டுப் போனாள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. வாவிக்கரையில் அவள்தான் வாயைத் திறந்தாள்.

"தொரை கேட்டப்ப இவரு மழுப்பலப்பா. மனசுல பட்டதச் சொல்லிட்டாரு."

முதலாளி வாவியைப் பார்த்துக்கொண்டே, "வழியக் கேட்டா மட்டுந்தான் பொய் சொல்றாரு" என்றார். அதுதான் அவருடைய சம்மதம்.

இப்போது எங்கள் கூடத்தில் சாமி படங்களோடு என் படமும் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைகளில் பூவோடு வரும் மனைவி என் படத்தடியில் நின்று, "இருக்கீங்களா?" என்று குரல் கொடுப்பாள். நான் எங்கே இருந்தாலும் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். பிறகுதான் பூ அடுத்த படத்துக்குப் போகும். போன வாரம் குளித்துக்கொண்டிருந்ததில் அவள் கேட்டது என் காதில் விழவில்லை. துவாயோடு வெளியே வந்தேன். என் படத்தில் மல்லிகை மாலை.