ஆறரை மணி ஜாஸ்

ஜாஸ் தெரிந்த மனிதர் என்றோர் இனம் உண்டு. ஊருக்கு ஒருவர்தான் இருப்பார். இருவர் இருந்தால், மற்றவருக்கு ஒன்றும் தெரியாது என்று இருவருமே உங்களிடம் தனித்தனியாகச் சொல்வார்கள்.

கேகாலைக்கு வாய்த்தவர் பரராசசிங்கம். வடக்கிலிருந்து கல்விக் கந்தோருக்குக் கோப்பு எழுதும் லிகிதராக வந்தவர், இருபத்தெட்டு வருடமாக ஒரு சின்ன வானொலியில் தினமும் மாலை ஆறரைக்கு ஜாஸ் ஒலிபரப்பி, பாட்டு மூன்று நிமிடமென்றால் அதற்கு முன்னுரை ஏழு நிமிடம் பேசி, உள்ளூர்ப் பத்திரிகையில் இசைப் பத்தியும் எழுதி, மாவட்டத்தில் எந்தக் குழு வாசித்தாலும் "இன்னும் கேள்வி ஞானம் வேண்டும்" என்றே முடிப்பவர். கோயில் மேளம் கேட்டால் கண்ணை மூடி, "உதுக்குள்ளயும் ஜாஸ் இருக்கு" என்பார். மனைவி மனோகரி தேங்காய் திருவும்போதும் அதையே சொன்னார். மனோகரி அடுத்த தேங்காய் மூடியை எடுத்தார்.

போன மாதம் நிலைய மேலாளர் பிருந்தாபன் கூப்பிட்டார்.

"ஐயா, உங்கட நிகழ்ச்சியை ஒருத்தரும் கேக்கிறேல்லையாம். அம்பது பேரிட்டயிருந்து கையெழுத்து கொண்டு வாங்கோ. இல்லாட்டி நிப்பாட்ட வேண்டி வரும்."

பரராசசிங்கத்துக்கு உலகமே அந்த அரைமணி நேரம்தான். கேகாலையில் மூன்று கையெழுத்துக் கிடைத்தது, அதில் ஒன்று மனோகரியுடையது. தெரணியகலைத் தோட்டங்களில் இன்னும் ரேடியோ கேட்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அன்றைய நிகழ்ச்சியைப் பதிந்து கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தார்.

அவர் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தை அடைந்தபோது ஆறரை. ரேடியோவில் அவருடைய நிகழ்ச்சியின் ட்ரம்பெட் ஒலித்தது. ரப்பர் பால் வெட்டும் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள், குழாயடியில் சண்டை நின்றது, ஆளாளுக்கு ரேடியோவைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். கேகாலையில் எந்தப் பட்டதாரி இப்படிக் கேட்டான்? அவருக்குக் கண் கலங்கியது.

பக்கத்திலிருந்த சுப்பம்மாவிடம் கேட்டார்: "இந்த இசை உங்களுக்கு அவ்வளவு விருப்பமோ அம்மா?"

"அந்த ஊதல் கேட்டாலே நெஞ்சு பதறுதுங்க ஐயா. இது முடிஞ்சதும் மரண அறிவித்தல் வருதில்ல. யாரு போயிட்டாங்கன்னு தெரியணுமே. இங்க போனும் சரியா எடுக்காதுங்க."

"நிகழ்ச்சியை நிப்பாட்டினா?"

"ஐயோ, நிப்பாட்டிறாதீங்க. அந்த ஊதல் இல்லேன்னா அறிவித்தல் வருதுன்னு எப்புடித் தெரியும், எழவுக்கு எப்புடிப் போறது?"

அறுபத்து மூன்று பேர் கையெழுத்திட்டார்கள். திரும்பும் வழி முழுக்க அவருக்கு வலித்தது.

நிகழ்ச்சி பிழைத்தது. அடுத்த பத்தியில் எழுதினார்: "தெரணியகலை மலைகளில் ட்ரம்பெட் ஒலித்தால் உழைக்கும் மக்களின் நெஞ்சு பதறுகிறது." அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

சிரிக்கிறீர்களா? நல்லது. போன கூட்டத்தில் நீங்கள் முக்கால் மணி நேரம் பேசியபோதும் சபை அசையாமல் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னீர்களே, உங்களுக்கு அடுத்து நிகழ்ச்சி நிரலில் என்ன இருந்தது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சிற்றுண்டியாக இருக்கும்.