எம்.சி. எடுக்காத இரண்டு பேர்

அன்புள்ள மச்சான் முகமது யூசுப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். புக்கிட் பாத்தோக்கில் நானும் உங்கள் கூடப்பிறந்த லாத்தா ஆயிஷாவும் நலம். ஆங் மோ கியோவில் நீங்களும் பிள்ளைகளும் நலமாயிருக்க துஆச் செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பிரியாணி அருமை. நலம் விசாரிப்பு இத்துடன் முடிந்தது, இனிமேல் எழுதுவதெல்லாம் கோபம்.

என் நிலைமையைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை கூடைப்பந்து ஆட்டக்காரர்களைப் பங்கு போட்ட டிராஃப்டை மறுபடி முதலிலிருந்து வைக்கலாம், எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள் என்று நேற்று தகவல் அனுப்பியிருந்தீர்கள். என் பதில், வேண்டாம். இதை வாட்ஸ்அப்பில் போட்டால் என் மகள் அஃப்னா ஒரு சிரிப்பு முகத்தை ஒட்டிவிட்டுப் போய்விடுவாள், பெற்ற தகப்பன் என்று பார்க்க மாட்டாள். அதனால்தான் தபால்.

நடந்தது என்ன? சீட்டுக் குலுக்கியதில் முதல் ஆளாக எடுக்கும் வாய்ப்பு எனக்கு வந்தது. டன்லப் ஸ்திரீட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் ஜவுளிக்கடை வைத்திருந்தவன் நான், வேண்டிய சரக்கை முதலில் தொட்டால் விலை ஏறிவிடும் என்று எனக்குத் தெரியாதா, அதனால் மனசில் ஒருத்தரை வைத்துக்கொண்டு வேறொருத்தரை அஞ்சு நிமிஷம் புகழலாம் என்று ஆரம்பித்தேன், நீங்களெல்லாம் டைம் டைம் என்று கத்தினீர்கள், மொத்த வியாபாரிதான் அப்படி அவசரப்படுத்துவான், எனவே நான் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். ஒன்றரை நிமிஷம் தாண்டினால் கம்ப்யூட்டரே எனக்காக எடுத்துவிடும் என்று அப்புறம்தான் சொன்னீங்க. அது எடுத்ததோ ஏழடி உயர ஆசாமி, முழங்கால் சரியில்லாமல் போன சீசனில் பாதி ஆட்டத்துக்கு டாக்டர் சீட்டு வாங்கி எம்.சி. லீவு போட்டவர். வந்தால் எத்தனை பந்து போடுவார் என்றுதான் அந்தக் கம்ப்யூட்டர் பார்க்குமாம், வருவாரா என்று பார்க்காதாம். அப்படி ஒரு ஆளை நான் கடையில் வைத்திருந்தால் தீபாவளிச் சமயத்தில் யார் சேலை மடிப்பது?

அடுத்த சுற்றிலாவது நான்தான் முதல் என்று பார்த்தால், வரிசை பாம்பு மாதிரி திரும்பி வருமாம், முதலில் எடுத்தவன் இப்போது கடைசியாம், ஆனால் அதற்கடுத்த சுற்றில் மறுபடி முதல் என்பதால் சேர்ந்தாற்போல ரெண்டு பேரை எடுத்துக்கலாமாம். சரி, எடுத்தேன். மூணு சீசனாக ஒரு நாள்கூட லீவு போடாத ரெண்டு பேர். அதற்கு மேசையைச் சுற்றி ஒரே சிரிப்பு. நீங்க என்ன சொன்னீங்க?

"மச்சான், இவங்கள எட்டாவது சுத்துல எடுத்தாலே போதும் லா. யாரும் தொட மாட்டாங்க."

அதற்கு என் பதில் இது. எட்டாவது சுற்று வரைக்கும் காத்திருந்து அவங்களையும் வேற யாராவது கொண்டுபோயிட்டா என்ன பண்றது?

கீழ்வீட்டு அழகர்சாமி லிஃப்டில் கேட்டார், இது என்ன விளையாட்டு என்று. அமெரிக்காவில் கூடைப்பந்து ஆடுறவங்களை எங்க குடும்பத்தில் எட்டுப் பேர் இங்கே பங்கு போட்டுக்கறோம், அவங்க அங்கே போடுற புள்ளி எங்க கணக்குல ஏறும் என்றேன். உங்களுக்கு என்ன கிடைக்கும் என்றார். அதற்குள் அவர் மாடி வந்துவிட்டது.

என்ன கிடைக்கும் என்று உங்களிடம் சொல்லலாம். கடையை மூடின பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. இந்த ஆட்டத்துக்குத்தான் நூர்தீன் மாமா யாரை எடுக்கப் போறீங்க என்று போன் வருகிறது. ரெண்டு தரம் தொடர்ந்து கடைசியாக வருகிறவன் இடத்தைக் காலி செய்யணும், என் இடம் என் மருமகன் ஆரிஃபுக்கு என்று புது விதி போட்டிருக்கீங்க. போன தடவை கடைசி நான்தான். அந்தப் பிள்ளையும் அன்றைக்கு என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்னான். பரிதாபப்பட்டு மறுபடி டிராஃப்ட் வைத்து, அதில் நான் ஜெயித்தால், யூசுப் விட்டுக்கொடுத்தார், மாமா தங்கினார் என்றுதான் பேசுவாங்க. அப்படி ஒரு இடம் எனக்கு வேண்டாம். எடுத்தது எடுத்ததுதான். எம்.சி. ஆசாமியை வைத்தே ஆடுவேன், என் இடத்தை ஒருத்தருக்கும் தரமாட்டேன்.

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், உங்கள் அணிக்கு இரண்டாம் இடத்தையும் தருவானாக.

இப்படிக்கு,
நூர்தீன்

பி.கு.: ஒட்டுவதற்கு முன் ஆயிஷா வாங்கிப் படித்தாள். அப்படி ஒரு விதியே கிடையாதாம். நான் சோபாவை விட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறேன் என்று, என்னைக் கிளப்ப நீங்களும் அவளும் பேசிவைத்துக் கட்டிய கதையாம். ஆரிஃபுக்குக் கூடைப்பந்தே பிடிக்காதாம், பிரியாணிக்கு வந்தானாம். அப்படியானால் மறுபடி டிராஃப்ட் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றுமில்லை. இந்த ஞாயிறே வைக்கலாம். அந்த விதியை மட்டும் எடுக்க வேண்டாம், யார் கேட்டாலும் இருக்கு என்றே சொல்லுங்க, நான் ஜெயித்துத் தங்கினேன் என்று இருக்கட்டும்.