கொக்கக்காவின் முப்பத்தொரு நாள் துடக்கு

இரண்டு காலையும் ஒரே நேரத்தில் நிலத்தில் வைக்காமல் கொழும்பில் வருடக்கணக்காக உயிர் வாழ்ந்த ஒரே மனுசி எங்கள் கொக்கக்காதான். பல் துலக்குவது ஒற்றைக் காலில். பருப்பு துழாவும்போது ஒரு கால் குசினி யன்னலில் நீட்டியிருக்கும். காலி வீதி பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தாலும் இருக்கமாட்டார். கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னங்காலை மெல்லத் தூக்குவார். "நோனா, கக்குல பிமின் தியன்ன!" என்று, காலைக் கீழே வைக்கச் சொல்லிக் கொண்டக்டர் கத்துவான். கால் இறங்கும். மற்றக் கால் எழும்பும்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் போர்டிங். ஒன்பது பெண்கள், ஒரு குளியலறை, வீட்டுக்காரியாக ஒரு மாமி. நான் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு, கம்பஸ் திறக்கும்வரை காத்துக் கிடந்தவள். கொக்கக்கா கோட்டையில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் டைப்பிஸ்ட். முப்பது வயதில் பாலே நடனம் பழகத் தொடங்கியவர். சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பம்பலப்பிட்டியில் வகுப்பு. கூடப் படித்ததெல்லாம் ஏழு வயதுக் குஞ்சுகள். கூட்டிவரும் தாய்மார், "உங்கட பிள்ளை எது?" என்று கேட்டால் தன் முழங்காலைத் தட்டிக் காட்டுவார். "இதுதான். சொல்வழி கேக்காது."

சண்டைக் காலம். போர்டிங்கில் யார் யார், ஏன் கொழும்பில் நிற்கிறார்கள் என்று மாமி பொலிசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எங்களுக்கு 'படிப்பு', 'வெளிநாடு போக' என்று எழுதினார். கொக்கக்கா தன் பெயருக்கு நேரே 'பாலே' என்றுதான் எழுத வேண்டும் என்று நின்றார்.

"பிள்ளை, உன்னை விட்டிட்டு என்னைத்தான் உள்ளுக்குப் போடுவாங்கள்!"

"உண்மையைத்தானே மாமி எழுதச் சொல்லுறன்?"

வருடக் கடைசி நிகழ்ச்சிக்குப் பெரியவர் குழுவுக்கு எட்டுப் பேரைத் தெரிவு செய்கிறார்கள் என்றதும் போர்டிங்கே ஒற்றைக் காலில் நின்றது. இரண்டு வருடமாகக் கொக்கக்கா கேட்டது அந்த எட்டில் ஒரு இடம். வியாழன் பின்னேரம் தெரிவு. வந்த மற்றவர்களுக்குப் பதினாறு, பதினேழு வயது.

முடிவை யாரும் எங்களுக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஒழுங்கையில் கொக்கக்கா இரண்டு குதியும் நிலத்தில் பட நடந்து வந்தார்.

"உன்ரை கால் சொன்னதைச் செய்யுது, முழங்கால் வயசைச் சொல்லுது எண்டு மிஸ் சொன்னவ" என்றார். பிறகு பாலே சப்பாத்தை வெள்ளைத் துணியில் சுற்றி ஆணியில் கொழுவினார். கதிரைகளைச் சுவரோரம் வரிசையாக வைத்தார்.

"என்னடி செய்யிறாய்?" என்றார் மாமி.

"துடக்கு மாமி. முப்பத்தொரு நாள்."

"ஐயோ, ஆர் செத்தது?"

"எட்டுப் பேரிலை நானும் ஒராள் எண்டு ஒரு நினைப்பு இருந்ததல்லோ, அது."

"உயிரோடை ஆக்கள் இருக்கிற வீட்டிலை என்ன அவச்சொல் இது?"

"ஒருத்தருக்கும் தெரியாமல் அழுதால் வருசக்கணக்கிலை இழுக்கும் மாமி. இது முப்பத்தொண்டோடை சரி."

பகிடி என்றுதான் நினைத்தோம். கொக்கக்கா பகிடி விடவில்லை. கோயிலுக்குப் போகவில்லை, வகுப்புக்குப் போகவில்லை, கால் தூக்கவில்லை. செய்தி கேட்டுப் பக்கத்து வீட்டு அங்கிள் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்து, அரை மணித்தியாலம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழும்பும்போது வாய் தவறி, "சரி பிள்ளை, போட்டு வாறன்" என்றுவிட்டார்.

"அங்கிள், செத்தவீட்டிலை சொல்லிப்போட்டுப் போறேல்லை."

அந்த மனிசன் நாக்கைக் கடித்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் படியிறங்கினார்.

எட்டாம் நாள் எட்டுச்செலவு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டுமே! "அது ரெண்டு வருசமா உடம்பு ஏறக்கூடாதெண்டு பட்டினி கிடந்து செத்தது" என்றார் கொக்கக்கா. ஆகவே நண்டுக்கறி, இறால் வடை, மட்டன் ரோல்ஸ், ஐஸ்கிறீம் எல்லாம் வாழையிலைக்கு வந்தன. படைத்ததில் முக்கால்வாசியைத் துக்கம் விசாரிக்க வந்த நாங்கள் துக்கத்தோடு தின்றோம்.

அதன் பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. மூன்றாம் கிழமை கொக்கக்கா பஸ்ஸில் இருக்கையில் உட்கார்ந்தார். சாதாரணமாக, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லா மனிதரையும் போல! கனடாவில் இருந்த தமையன் போனில், "உந்த ஆட்டத்தை விட்டால் அலுவல் பாத்து இஞ்சை கூப்பிடுறன்" என்றாராம். "யோசிப்பம்" என்றாராம் இவர். இத்தனை காலமும் தமையன் அதைச் சொன்னால் போனைப் பட்டென்று வைக்கிறவர்.

மாமியும் பயந்திருக்க வேண்டும். கலண்டரில் நாள்களை வெட்டிக்கொண்டே வந்தார். "இண்டைக்கு இருபத்திநாலு" என்று யாரிடமும் இல்லாமல் தேங்காய்த் துருவலிடம் சொல்வார்.

முப்பத்தோராம் நாள் சனிக்கிழமை. விடியவே கொக்கக்கா ஆணியிலிருந்து வெள்ளைத் துணிப் பொட்டலத்தை எடுத்தார். அந்த நேரம் பார்த்துப் பொலிசார் ஒழுங்கையைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். அடையாள அட்டையோடு எல்லோரும் றோட்டில் வரிசை. எட்டரை ஆகியும் வரிசை நகரவில்லை.

"இண்டைக்குச் சரிவராது போல. விடுவம்" என்றார் கொக்கக்கா. அந்த 'விடுவம்' எனக்குப் பிடிக்கவே இல்லை.

பொலிஸ்காரி வந்து பொட்டலத்தை அவிழ்த்தாள். சப்பாத்தைத் தூக்கிப் பார்த்து, "மேக்க மொக்கக்த?" என்றாள், இது என்ன என்று. கொக்கக்கா குனிந்து நிலத்தைப் பார்த்தார். பொலிஸ் என்றால் வேர்த்துவிடும் எங்கள் மாமிதான் வரிசையை விட்டு வெளியே வந்தார்.

"பாலே! பாலே! எயாட்ட பந்திய தியெனவா, நவயட்ட!" ஒன்பது மணிக்கு வகுப்பு இருக்கிறது என்று, தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் ஒரே மூச்சில் செலவழித்தார்.

பொலிஸ்காரி அடையாள அட்டையில் பிறந்த வருடத்தைப் பார்த்தாள். கொக்கக்காவைப் பார்த்தாள். சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு சிரித்து, கையால் 'போ' என்றாள்.

"நீயும் கூடப் போ. வழியிலை திரும்பி வந்தாலும் வந்திடுவாள்" என்று மாமி என்னைத் தள்ளினார்.

நாங்கள் போய்ச் சேர ஒன்பதரை. மண்டபத்தின் சுவர் நீளத்துக்கு ஒரு கம்பி. அதைப் பிடித்தபடி குஞ்சுகள் நெருக்கியடித்து நின்றன. நடுவில் மட்டும் ஒரு பெரிய ஆள் நிற்கிற அளவுக்கு வெறுமை.

"ஆன்ட்டி, மிஸ் கிட்டக் கிட்ட நிக்கச் சொன்னவ. நாங்க நிக்கேல்ல. அது உங்கட இடம்" என்றது முன்பல் இல்லாத ஒன்று.

கொக்கக்கா கைப்பையை என்னிடம் தந்தார். போய் நின்று கம்பியைப் பிடித்தார். குதிகள் இரண்டும் மெல்ல நிலத்தை விட்டு எழும்பின.

அதற்குப் பிறகும் எந்த எட்டுப் பேரிலும் அவரைச் சேர்க்கவில்லை. இன்னும் இரண்டு துடக்கு வந்தது. நண்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க மாமி பழகிவிட்டார்.

நானும் கம்பஸ் போய், போர்டிங் மாறிவிட்டேன். ஆனாலும் காலி வீதி பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது பக்கத்தில் ஒரு ஆள் நிற்க இடம் விட்டுத்தான் நிற்கிறேன். "இஸ்ஸரஹட்ட யன்ன!" என்று, முன்னுக்குப் போகச் சொல்லிக் கொண்டக்டர் கத்துகிறான். நான் நகர்வதில்லை.