உப்பை மட்டும் விட்ட ஜவ்வு சார்

வேலூர் வெயிலில் மின்விசிறியை ஜென்ம விரோதியாக நினைத்தவர் உலகத்திலேயே எங்கள் ஜவ்வு சார் ஒருவர்தான். தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கல்லூரியில் நான் அவருடைய ஆய்வக உதவியாளர். பாலிமர் கரைசலைக் கண்ணாடித் தகட்டில் ஊற்றி, கத்தி வைத்து மயிரிழை கனத்துக்கு இழுத்து, தண்ணீரில் முக்குவார். பால் நிறத்தில் ஒரு ஜவ்வு உரிந்து மிதக்கும். தோல் தொழிற்சாலையின் சாயத் தண்ணீரை அதன் வழியே அழுத்தினால் சாயம் மட்டும் நின்றுவிட வேண்டும். அதுதான் அவருடைய கனவு.

ஜவ்வில் ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் எல்லாம் வீண். அதனால் விசிறி கூடாது, பேச்சு கூடாது, என் முகப் பவுடரும் கூடாது.

"தூள் பறக்குதுமா, கழுவிட்டு வா!"

ஒருநாள் துறைத்தலைவர் உள்ளே வந்து தும்மிவிட்டார்.

"வெளிய போங்க சார்! தும்மணும்னா பள்ளிகொண்டா போய்த் தும்மிட்டு வாங்க!"

அந்தத் தும்மல் எங்களுக்கு வினையாக முடிந்தது. ஆம்பூர் தோல் தொழிற்சாலை முதலாளி ஒருவர் சோதனை பார்க்க வருவதாக இருந்தது. அது தோற்றால் இந்த அறை கம்ப்யூட்டர் லேப் ஆகிவிடும் என்றார் கோபத்தில் இருந்த தலைவர். முதலாளிக்கும் நெருக்கடிதான். கழிவுநீருக்கு வழி பண்ணாவிட்டால் தொழிற்சாலையை மூடச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது.

சோதனை அன்று முதலாளியே ஒரு கேன் நிறையச் சாயத் தண்ணீர் கொண்டுவந்தார். காபி டிகாக்ஷன் மாதிரி உள்ளே போனது, பளிங்கு மாதிரி சொட்டியது. அவர் நம்பவில்லை.

"இன்னா சார், கொழாத் தண்ணிய மாத்தி வச்சுட்டீங்களா?"

நாங்கள் தடுப்பதற்குள் விரலை விட்டு நாக்கில் வைத்துவிட்டார். முகம் கோணியது.

"அய்யே, உப்பு! இதுல உப்பு அப்படியே கீது. பேஜார் சார் உங்களோட!"

துறைத்தலைவர் அறையை அளப்பது போல நாலு சுவரையும் பார்த்தார். ஜவ்வு சாரோ சிரித்தார்.

"கொழாத் தண்ணி உப்பு கரிக்குமா பாய்? சாயத்த நிறுத்திட்டு உப்ப மட்டும் வுட்டிருக்கு. இத மறுபடியும் நீங்க தோலுக்கு உப்பு போடுற டிரம்லயே ஊத்திக்கலாம். புது உப்பும் கம்மி, தண்ணியும் கம்மி."

முதலாளி இன்னொரு தரம் விரலை நனைத்தார். "எப்ப சார் எங்க ஃபேக்டரிக்கு வர்றீங்க?"

மதியம் அவர் செலவில் பிரியாணி அண்டா வந்து இறங்கியது. துறையே பாய்ந்தது. ஜவ்வு சார் மட்டும் அடுத்த தகட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டில் பெரிய கறித் துண்டாக இரண்டு எடுத்து, யார் கண்ணிலும் படாமல் சோற்றுக்கு அடியில் புதைத்து, அவருக்கென்று மூடி வைத்தேன்.