கொல்லையில் கூப்பிட்ட புல்

புருஷனாகப் பிறந்தவன் வாழ்க்கையில் ஒரு தடவையாவது தன் வீட்டில் தன் இஷ்டப்படி ஒரு காரியம் செய்துவிட வேண்டும். நான் புல் நட்டேன்.

சாதாரணப் புல் இல்லை. அலங்காரப் புல். தஞ்சாவூரில் நடந்த விவசாயக் கண்காட்சியில் பார்த்தேன். ஆள் உயரம் வளரும், உச்சியில் வெள்ளை வெளேரென்று குஞ்சம் தள்ளும், வெள்ளைக்காரத் துரைமார் பங்களாவில் எல்லாம் இதைத்தான் வைத்திருந்தார்கள் என்றார் விற்றவர். பஸ் கூரையில் ஏற்றித் திருப்பனந்தாளில் இறக்கி, அங்கிருந்து மாட்டுவண்டியில் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தேன். என் மனைவி தர்மாம்பாள் வாசலிலேயே அதைக் குனிந்து பார்த்தாள்.

"இது நாணல்தானேங்க?"

"நாணலா? அலங்காரப் புல்லுடி இது!"

"கொள்ளிடக் கரையில கொட்டிக் கெடக்கு. நம்ம மாடுகூட மோந்து பாத்துட்டு ஒதுங்கிப் போவும். இதுக்கா தஞ்சாவூர் வரைக்கும் போனீங்க?"

"அழகுன்னா என்னன்னு உனக்குத் தெரியாது."

"தெரியாமத்தான் உங்களக் கட்டிக்கிட்டேன். கொல்லைக்கு அழகு வேணும்னா ஒரு சங்குப்பூக் கொடி போதுங்க. ஒரு குழி, ஒரு பந்தக்காலு. அது பாட்டுக்கு ஏறிப் பூத்துட்டுப் போவும். யாரு நடக்குற வழியையும் மறிக்காது."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் விஷயமே இருந்தது.

எங்கள் கொல்லையின் கோடியில் வாய்க்கால் ஓரமாக வைரக்கண்ணுவின் குடிசை. அவன் அப்பன் காலத்திலிருந்து எங்கள் வயலில்தான் வேலை. குடியிருக்கிறவனுக்கே குடிசை மனை சொந்தம் என்று அரசாங்கம் அப்போதுதான் சட்டம் போட்டிருந்தது. ரெவின்யூ இன்ஸ்பெக்டர் அளக்க வரப்போகிறார் என்று ஊரெல்லாம் அதே பேச்சு. பக்கத்து வீட்டுப் பஞ்சநதம் வக்கீல் குமாஸ்தா. எனக்கு மைத்துனன் முறை. வேலிக்கு மேலே தலையை நீட்டி யோசனை சொன்னார்.

"குடிசை நிக்கிற எடம் போனாப் போவட்டும் மாப்ளே. கிணத்தடியிலேர்ந்து குடிசை வாசல் வரைக்கும் பொட்டலாக் கெடக்கே, அதை விடாதே. சும்மா கெடந்தா அவன் பாதைன்னு சேத்து அளந்துடுவான். தோட்டம் போட்டுடு. தோட்டம்னா உன் அனுபவத்துல இருக்குன்னு ஆயிடும்."

"கொடி வைக்கலாம்ங்கிறா அவ."

"ஒரு குழிய வச்சிக்கிட்டு என்னய்யா அனுபவம் காட்டுவே? கொடி மேல போவும். புல்லு பக்கவாட்டுல போவும். நமக்கு வேண்டியது பக்கவாட்டுல போறது."

இதைவிடத் தெளிவாகப் புல்லையும் கொடியையும் யாரும் ஒப்பிட முடியாது. அந்தப் பொட்டலையும் சேர்த்துத்தான் என் அப்பா வைரக்கண்ணுவின் அப்பனுக்கு வாய்வார்த்தையாகக் கொடுத்திருந்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன். தர்மாம்பாளும் கேட்டாள். ஆனால் கேட்ட காதுக்குப் பட்டா கிடையாது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரா எழுந்து வந்து சாட்சி சொல்லப்போகிறார் என்று தைரியமாக இருந்தேன்.

பொட்டல் முழுக்கப் புல் நட்டேன். தர்மாம்பாள் மேற்கொண்டு பேசவில்லை. அடுப்படிச் சன்னலை ஒட்டிக் குழி தோண்டி, பந்தக்கால் நட்டு, தன் சங்குப்பூவை ஊன்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்தபோதே எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும்.

புல் பரவியது. வைரக்கண்ணு பெண்டாட்டி கண்ணாத்தாள் தண்ணீர்க் குடத்தோடு வாய்க்காலில் இறங்கி, முழங்கால் சேற்றில் சுற்றிப் போனாள். அவள் போகும்போதெல்லாம் எங்கள் வீட்டு ரசத்தில் உப்பு இருக்காது.

"உப்பு எங்கடி?"

"வெள்ளத்துல மருத்துவச்சி வர முடியாத அன்னைக்கு நம்ம புள்ளையத் தொப்புள்கொடி அறுத்துக் கையில வாங்குனவ அவதாங்க. அவ சேத்துல எறங்குறதப் பாத்தா எனக்கு உப்பு ஞாபகம் வரமாட்டேங்குது."

நான் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்தேன். நிலம் என்று வந்துவிட்டால் உப்பில்லாமலும் இருக்கலாம்.

புரட்டாசியில் புல் குஞ்சம் தள்ளியது. அப்போதிருந்துதான் எனக்குக் கொல்லைப்பக்கம் பிடிக்காமல் போயிற்று. உச்சி வெயில். வாழை இலை அசையாது, தென்னை ஓலை அசையாது, காக்காய்கூடக் கத்தாது. புல் மட்டும் அசையும். அதுவும் மொத்தமாக இல்லை. நடுவில் ஓரிடத்தில், உள்ளே யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி. வெள்ளைக் குஞ்சங்கள் நரைத்த தலைகளாகத் தெரிந்தன. எல்லாத் தலையும் என் வீட்டுப் பக்கமே சாய்ந்திருந்தன.

சங்குப்பூ லேசுப்பட்டதா? அது பந்தல் முழுக்கப் பின்னி, உள்ளே ஆள் நின்றாலும் தெரியாதபடி இருட்டாக அடைத்துக்கொண்டது. ஒரு கிளை சன்னல் கம்பிக்குள் நுழைந்தது. சாப்பிட உட்கார்ந்தால் நீலக்கண் ஒன்று என் இலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தர்மாம்பாளிடம் சொன்னேன். பூ பார்த்தால் என்ன, அதற்கும் ஒரு கவளம் வையுங்கள் என்றாள்.

ஒருநாள் மத்தியானம் மோர்ச்சாதம் சாப்பிடும்போது புல்லுக்குள்ளிருந்து பாட்டு கேட்டது. தாலாட்டா ஒப்பாரியா என்று பிரிக்க முடியாத இழுவை. வார்த்தையே இல்லை. எனக்குக் கை இலையிலேயே நின்றுவிட்டது. தர்மாம்பாள் எதிரில் உட்கார்ந்து மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கேட்டியா?"

"என்னத்த?"

"பாட்டுடி. புல்லுக்குள்ளேர்ந்து."

அவள் மோரைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டினாள். பாட்டு நடந்துகொண்டேதான் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேங்க... உங்களுக்கு மட்டும் கேக்குதா?" என்றவள், காய்ச்சல்காரனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு மோர் எனக்கு இறங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் அரிவாளோடு கொல்லைக்குப் போனேன். புல்லுக்குள் யார் இருந்தாலும் இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று தீர்மானம். கிணற்றடி தாண்டியதும் புல் அசைவது நின்றது. எல்லாமே நின்றது. பிறகு அந்தக் குரல் வந்தது. அடித்தொண்டையில், குகைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி.

"ரெங்கசாமீ... வழிய விடுடா..."

அரிவாள் எங்கே விழுந்தது என்று தெரியாது. என் பேர் ரெங்கசாமிதான். ஆனால் அந்தப் பேரைச் சொல்ல யார் இருக்கிறார்கள்? பஞ்சநதத்துக்கு நான் மாப்பிள்ளை. ஊருக்கு நான் ஐயா. தர்மாம்பாளோ, பேரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று கோயில் அர்ச்சனையில்கூட என் பேரைக் குருக்களிடம் சொல்லமாட்டாள். நான்தான் முந்திக்கொண்டு சொல்ல வேண்டும். கண்ணாத்தாளுக்கு அந்தத் துணிச்சல் ஏழேழு ஜென்மத்துக்கும் வராது. என்னைப் பேர் சொல்லி, 'டா'வும் போட்டுக் கூப்பிட உரிமையுள்ளவர்கள் அத்தனை பேரும் செத்துப்போய்விட்டார்கள்.

அப்பா!

வீட்டுக்குள் ஓடி வந்தேன். அடுப்படியில் தர்மாம்பாள் இல்லை. கொஞ்ச நேரத்தில் பின்பக்கமாக ஒரு பிடி கீரையோடு வந்தாள். நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமாதாங்க அது. கொடுத்த வாக்கு நிக்கலன்னா ஆத்மா அலையும்பாங்க. அதான் வந்துட்டாரு."

"இப்ப என்னடி பண்றது?"

"சூடம் ஏத்தி, இந்த எடம் எனக்கில்ல, வைரக்கண்ணுக்குத்தான்னு சத்தியம் பண்ணி அணைச்சிடுங்க. ஆனா நல்லா யோசிச்சுக்குங்க. சூடம் அணைச்சப்புறம் பேச்சு மாறக்கூடாது."

"மாறினா?"

"மாறுனவங்க யாரும் திரும்பி வந்து சொல்லலைங்க."

நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் இல்லை. நிலத்தை விட்டுக்கொடுப்பது ஒரு கை போன மாதிரிதான். ஆனால் உயிர் இருந்தால்தானே மிச்சக் கைக்கு வேலை?

மறுநாள் உச்சிவேளையில் குளித்துவிட்டு ஈரவேட்டியோடு கிணற்றடியில் நின்றேன். அந்த நேரம்தான் வேண்டும் என்று தர்மாம்பாள் சொல்லியிருந்தாள். வெற்றிலையில் சூடம் எரிந்தது. எதிரே புல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரு குஞ்சம் மட்டும் மெதுவாக என் பக்கம் தலையாட்டியது. அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் காது மந்தம். அதனால் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"இந்த எடம் எனக்கில்லப்பா! கிணத்தடியிலேர்ந்து வாய்க்கால் வரைக்கும் வைரக்கண்ணுக்குத்தான்! நீ குடுத்தது குடுத்ததுதான்! சத்தியம்!"

சூடத்தை உள்ளங்கையால் அணைத்தேன். கை சுட்டது. மனசு லேசாயிற்று. அந்த லேசு கொஞ்ச நேரம்தான். சங்குப்பூப் பந்தலுக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

கொடியை விலக்கிக்கொண்டு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் கோவிந்தராசு வெளியே வந்தார். கையில் எங்கள் வீட்டு மோர் டம்ளர். பின்னால் அளக்கிற சங்கிலியோடு அவருடைய ஆள். அதற்குப் பின்னால் வாயைப் பிளந்தபடி பஞ்சநதம். எல்லாருக்கும் கடைசியில் வைரக்கண்ணு, கண் கலங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு.

"சூடம் அணைச்சே சொல்லிட்டீங்க. அப்புறம் நான் கேக்க என்னங்க இருக்கு? நீங்க பெரிய மனுஷன்," என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கும்பிட்டார். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு அவருடைய ஆள் கிணற்றடியிலிருந்தே அளக்கத் தொடங்கினான்.

புல் விலகியது. தலை முழுக்க வெள்ளைப் பஞ்சோடு ஓர் உருவம் எழுந்தது. நான் மறுபடியும் ஓடப் பார்த்தேன். கண்ணாத்தாள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா. பாட்டு மட்டுந்தான் நானு. சாமி சத்தியமா உங்க பேரைச் சொல்லல."

அப்படியானால் என் பேரைச் சொன்னது யார்? மெதுவாகத் திரும்பினேன். அடுப்படி வாசலில் தர்மாம்பாள் ஒரு காலிப் பானையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"பானைக்குள்ள வாய வச்சுப் பேசினா மாமா கொரலு அப்படியே வருதுங்க. எனக்கே ஒடம்பு சிலுத்துப்போச்சு."

"அடிப்பாவி! பேரைச் சொன்னா புருஷன் ஆயுசு குறையும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியுங்க. அதான் எடம் போற அளவுக்கு மட்டும் கூப்பிட்டேன்."