மைக்கு மாமா சொல்ல மறுத்த வார்த்தை

உலகத்தில் பொய் சொல்லத் தெரியாத ஒலிபெருக்கி ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில், ஒரு பழைய ஆட்டோவின் தலையில் கட்டியிருக்கிறது. அந்த ஆட்டோக்காரரின் பெயர் இருபது வருடமாக எனக்குத் தெரியாது. ஊருக்கே அவர் மைக்கு மாமா.

வாளையாரில் கோயில் விசேஷமா, கோபாலபுரத்தில் கடைத் திறப்பா, குடிநீர் வராதா, யாராவது தவறிவிட்டார்களா, எல்லாவற்றையும் முதலில் மலையாளத்திலும் பிறகு தமிழிலும் அவர்தான் சொல்லிக்கொண்டு போவார். அவர் தொண்டையும் லாரி ஹாரனும் எதிரெதிரே வந்தால் லாரிதான் ஒதுங்கும்.

அவருக்கு இரண்டு சட்டங்கள் உண்டு. அர்த்தம் தெரியாத வார்த்தையை மைக்கில் சொல்ல மாட்டார். சம்பந்தப்பட்டவரின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையும் சொல்ல மாட்டார். அதனால் எந்த அறிவிப்பாக இருந்தாலும் முதலில் அந்த ஆளின் எதிரே நின்று ஒரு முறை வாசித்துப் பார்ப்பார்.

ஒரு ஓட்டல்காரர் ‘ஒப்பற்ற சுவையில் பிரியாணி’ என்று எழுதிக் கொடுத்தார். மாமா உட்கார்ந்து மூன்று தட்டு சாப்பிட்டார். பிறகு ஊர் முழுக்க, “பரவாயில்லாத பிரியாணி! பசியோடு வாருங்கள்!” என்று சொல்லிக்கொண்டு போனார். தேர்தல் சமயத்தில் ‘மக்கள் தொண்டர்’ என்று வந்த துண்டுச்சீட்டை, வேட்பாளரை நாலு கேள்வி கேட்டுவிட்டு, ‘நாலாம் வார்டில் ஒரு தெருவிளக்கு போட்டவர்’ என்று திருத்தினார். ஒரு சாவு வீட்டில் ‘அன்பே உருவான’ என்று எழுதித் தந்தார்கள். காலமானவர் முன்னால் நின்று வாசித்தார். பக்கத்தில் இருந்த அவர் மனைவியின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அதை அடித்துவிட்டு, ‘காலையில் நேரத்துக்கு எழுந்திருக்கும்’ என்று எழுதினார். அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினார்.

இப்படிப்பட்டவர் போன வருடம் ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறவள். அர்த்தம் கேட்க அவர் என்னிடம் வருவது புதிதல்ல. ஆனால் அந்தச் சமயத்தில் வேறு யாரும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கவில்லை.

வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த எங்கள் மகள் போதை மாத்திரையில் ஆரம்பித்து, அதற்கப்பால் எதிலெல்லாமோ போய், கடைசியில் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டு வாரமாகத் தெருவில் காலெடுத்து வைக்கவில்லை. ஊருக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லியிருந்தோம். ஊர் நம்பவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தாளை நீட்டினார். உள்ளூர் கிளப்பு ஒன்று போதை ஒழிப்புக்காக எழுதிக் கொடுத்தது. மறுநாள் தெருத் தெருவாகச் சொல்ல வேண்டும். ‘நம் ஊரில் நடமாடும் ஜங்கிகளை அடையாளம் காண்போம்! ஜங்கிகளை ஊரை விட்டு விரட்டுவோம்!’

“ஏனுங் டீச்சர், இந்த ஜங்கின்னா என்னுங்க? கிளப்புச் செயலாளரக் கேட்டா, ‘அதெல்லாம் எல்லாத்துக்கும் தெரியும், நீ சும்மா சொல்லு’ங்கறாரு. எல்லாத்துக்கும் தெரிஞ்சத நான் எதுக்குங்க கத்தோணும்?”

அந்த வண்டி எங்கள் தெருவுக்குள் வரவே கூடாது என்று அந்த நொடியில் முடிவு செய்தேன்.

“அது நல்ல வார்த்தை இல்லீங்க. விட்டுருங்க.”

“எந்த அளவுக்கு நல்லா இல்லீங்க? சின்னப் புள்ளைங்க முன்னால சொல்லலாமுங்களா?”

“கூடாதுங்க.”

“சரிங்க. அர்த்தம்?”

“குப்பைங்கற மாதிரி ஒரு வார்த்தையிலிருந்து வந்ததுன்னு சொல்லுவாங்க.”

“அப்ப குப்பை வண்டிக்காரங்களுங்களா? பாவம், அவங்கள எதுக்குங்க வெரட்டறாங்க?”

“இல்லீங்க. இது வேற ஆளுங்க.”

“வேற ஆளுன்னா?” காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டார். “ஒரு உதாரணம் சொல்லுங்க டீச்சர்.”

இருபது வருடம் பிள்ளைகளிடம் உதாரணம் கேட்டவள் நான். அகராதியைத் தேடுவதுபோல் மேஜையைக் கிளறினேன். அப்போது உள் அறைக் கதவு திறந்தது.

“நான்தாங்க மாமா.”

மகள் நிலைப்படியில் நின்றாள். மாமா அவளையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீயா கண்ணு?”

“போதைக்கு அடிமையானவங்கள இங்கிலீஷ்ல அப்படிச் சொல்லுவாங்க. ஹாஸ்டல்ல நாங்களே எங்கள அப்படிக் கூப்பிட்டுச் சிரிச்சுக்குவோம். செல்லப் பேரு மாதிரி. அப்பறம் ஒரு நாள் வார்டன் சொன்னாங்க. அதே வார்த்தைதான். யாரும் சிரிக்கல.”

மாமா எழுதிக்கொண்டே கேட்டார். “போதைக்கு மட்டுந்தானா?”

“இப்பெல்லாம் எதுக்கு வேணாலும் சொல்லுவாங்க. சினிமா ஜங்கி, காப்பி ஜங்கி...”

“அப்ப ஒரு நாளைக்குப் பதினாலு டீ குடிக்கற நானு?”

“டீ ஜங்கி.”

“அதுக்கு என்னைய ஊர விட்டு வெரட்டுவாங்களா?”

“மாட்டாங்க மாமா.”

“அப்ப இந்த வார்த்தை ஆளப் பாத்துக் கடிக்குதாட்ட இருக்குது” என்றார். பிறகு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். “கோவிச்சுக்காத சாமி. முகத்துக்கு நேரா ஒருக்கா வாசிச்சுப் பாத்துடறேன். அது நம்ம வழக்கம்.”

நான் தடுக்க எழுந்தேன். “வாசிக்கட்டும்மா” என்றாள் மகள்.

“அன்பார்ந்த பொதுமக்களே!” ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. “நம் ஊரில் நடமாடும்...” நின்றுவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். மறுபடியும் அதே இடத்தில் நின்றார். மூன்றாவது முறையும் முடியாமல் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார்.

“வர மாட்டீங்குதுங்க டீச்சர்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே செயலாளரைப் பார்த்து, ‘மாட்டிக்கிட்ட நம்ம புள்ளைங்கள வெளிய கொண்டு வருவோம்’ என்று மாற்றித் தரச் சொல்லியிருக்கிறார். “எழுதிக் குடுத்ததச் சொல்றதுதான் உன்ற வேலை” என்று செயலாளர் கத்தியிருக்கிறார். மாமா வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கிளப்பு கோயம்புத்தூரிலிருந்து ஒரு ஜீப்பை ஏற்பாடு செய்தது. அதில் ஒரு பெண்ணின் இனிமையான பதிவுக் குரல். அது யாரிடமும் அர்த்தம் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அந்தக் குரல் பெரிய ரோட்டிலிருந்து கேட்க ஆரம்பித்தது. மகள் பையில் துணிகளைத் திணித்தாள்.

“நான் இங்க இருக்கலம்மா. எங்கயாவது போயிடறேன்.”

எங்கே போவாள், அங்கே யார் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வாசற்கதவின் குறுக்கே நின்றுகொண்டேன். “என்னைத் தள்ளிட்டுப் போ” என்றேன். அவள் பையைத் தோளில் மாட்டினாள். நான் நகரவில்லை.

குரல் நெருங்கி வந்தது. தெரு முனைக்கு வந்ததும் நின்றது. ஹாரன் அடித்தது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் தெருவுக்கு ஒரே வழி. அந்த வழியின் குறுக்கே மைக்கு மாமாவின் ஆட்டோ நின்றிருந்தது. மாமா பின் சக்கரத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

“தள்ளி உடுங்கண்ணா!” என்றார் ஜீப்புக்காரர்.

“ரிப்பேருங்க. தொட்டா ஆக்சில் போயிருமுங்க.”

“மெக்கானிக்கு எங்க?” என்று செயலாளர் ஜீப்பிலிருந்து குதித்தார்.

“வாளையார்ல இருந்து வரோணுங்க. ஞாயித்துக்கெழம. வருவாரோ என்னமோ.”

பிறகு மைக்கை எடுத்தார். “அன்பார்ந்த பொதுமக்களே! வண்டி நிக்குது. யாரும் உள்ள வர முடியாது. சிரமத்துக்கு வருந்தலீங்க!”

என் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பையைக் கீழே போட்டாள். என்னைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ஜன்னல்கள் எல்லாம் பார்க்கத் தெருவின் நடுவே நடந்தாள். நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன்.

சக்கரத்தைக் குனிந்து பார்த்தாள். “மாமா, ஒண்ணுமே ஆகலையே!”

“சத்தமாப் பேசாத கண்ணு. மைக்கு ஆன்ல இருக்குது.”

தெருவே கேட்டது. எதிர்வீட்டில் யாரோ சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா வெளியே வந்து, “ஏனுங்க செயலாளரே, அந்தப் புள்ள நிக்கறது தெரியலீங்களா? வண்டியத் திருப்புங்க” என்றார். ஜீப்பு வந்த வழியே பின்வாங்கிப் போனது. மகள் ஆட்டோவில் ஏறி, மாமாவின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

என் பயம் போய்விடவில்லை. வாரா வாரம் பாலக்காட்டில் கவுன்சிலிங்குக்குப் போய் அவள் திரும்பும் வரை பஸ் ஸ்டாப்பிலேயே நிற்கிறேன். குளியலறைக் கதவு பத்து நிமிடம் சாத்தியிருந்தால் தட்டுகிறேன். அவள் திட்டுகிறாள். திட்டட்டும், தட்டுவதை நான் விடப்போவதில்லை.

தெரு முனையில் அந்தக் கரகரத்த தொண்டை கேட்டால் மட்டும் மிக்சியை நிறுத்திவிட்டு நிற்பேன். நாளை முழுக்கக் கரண்ட் இருக்காது என்று சொன்னாலும், அவர் சொல்லிக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.