கையே படாத பயணம்

"தட்டாதேங்கோ கப்டன், அது கதவில்லை. மெல்லமாத் தொடுங்கோ."

"மெல்லமாத்தான் தம்பி தொட்டனான். மெல்லமாத் தொட்டா அது என்னைக் கணக்கெடுக்குதில்லை."

எட்வேட் இன்னொரு முறை தொட்டார். விமானத்தின் முன்பலகையின் நட்டநடுவில், சாப்பாட்டுத் தட்டு அளவில் பூட்டியிருந்த கண்ணாடித்திரை அசையவில்லை. போன கிழமை வரைக்கும் அந்த இடத்தில் ஆறு வட்ட மானிகள் இருந்தனவாம். முள்ளைப் பார்த்தால் உயரம் தெரியும், திசை தெரியும், ஒரு வாக்குவாதமும் இல்லை. இப்போது ஆறுக்கும் பதிலாக இந்த ஒன்று.

"கொஞ்சம் அழுத்தித் தொடுங்கோ" என்றான் பின் இருக்கையில் இருந்த யசோதரன்.

"இப்பதானே மெல்லமா எண்டனீர்?"

"மெல்லமா அழுத்துங்கோ."

எட்வேட் மூச்சை இழுத்து விட்டார். இருபத்திரண்டு வருடம் மாலைதீவில் தீவுக்குத் தீவு விமானம் ஓட்டியவர். ஒரு நாளும் ஒரு விமானம் அவரை இப்படிக் காக்கவைத்ததில்லை. மனைவி றொசானா இராமேஸ்வரத்து அகதி முகாமில் இருந்து, சண்டை முடிந்த பிறகு பேசாலைக்குத் திரும்பி, வீட்டுத்திட்டத்தில் கிடைத்த இரண்டு அறை வீட்டுக்கு இப்போதுதான் கூரை போட்டு முடித்திருந்தாள். காலையில் வாசலில் நின்று சொல்லியும் விட்டாள்:

"இஞ்சாருங்கோ, இந்த வேலையும் சரிவராம நீங்கள் திங்கக்கிழமை பெட்டி கட்டினீங்களெண்டா, என்னையும் அதுக்குள்ள வைச்சுக் கட்டுங்கோ."

இன்றைய பறப்பு ஒழுங்காக முடிந்தால் வேலை மன்னாரில். முடியாவிட்டால் மறுபடியும் மாலைதீவு. இதைவிடத் தெளிவாக ஒருவருக்கு ஒன்றும் இருக்கமுடியாது.

வேலை தருபவன் யசோதரன். இலுப்பைக்கடவையில் பிறந்து, பத்து வயதில் கனடாவுக்குப் போய், முப்பத்தைந்து வயதில் ஒரு நாலு இருக்கை விமானத்தோடு திரும்பி வந்திருந்தான். மன்னாரை மேலிருந்து காட்டப் போகிறானாம். நகரத்துச் சுவர்களில் ஒட்டியிருந்த அறிவித்தலில் 'கையே படாத பயணம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தான். விமானம் தானாகவே போகும். ஓட்டுநர் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். அதுதான் புதுமை.

"அப்ப நான் எதுக்குத் தம்பி?" என்று எட்வேட் கேட்டதற்கு, "ஸ்கிரீனோட ஒத்துப்போற ஒராள் வேணும் கப்டன்" என்று சொல்லியிருந்தான்.

ஒத்துப்போக முடியாமல்தான் பதினைந்து நிமிடமாக ஓடுபாதையில் நின்றார்கள்.

ஊருக்குள் நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று இரண்டு பேரை இலவசமாக ஏற்றியிருந்தான் யசோதரன். ஒருவர் பெற்றிசியா ரீச்சர், பேசாலையில் முப்பது வருடம் படிப்பித்தவர். மற்றவர் மர்சூக், எருக்கலம்பிட்டிப் புடவைக் கடைக்காரர். இருபது வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். மர்சூக்கின் எடை காரணமாக அவரை முன்னுக்கு, எட்வேட்டுக்குப் பக்கத்தில் இருத்தியிருந்தார்கள்.

"விடுங்கோ, நான் அதின்ர கூச்சத்தைக் கூட்டிவிடுறன்" என்று யசோதரன் எக்கி வந்து, எதையெதையோ தொட்டான். "இப்ப பாருங்கோ, ஈ இருந்தாலும் விளங்கும்."

எட்வேட் சின்னி விரலை நீட்டினார். தொட முன்னமே திரை திறந்துகொண்டது. தலைமன்னார் வரை போய்த் திரும்பும் பாதை சிவப்புக் கோடாக விழுந்தது.

"பாத்தீங்களா!"

"ஓம், ஓம். இப்பதான் மரியாதை தெரிஞ்சிருக்கு."

விமானம் கிளம்பியது. கடலுக்கு மேலே போனதும் யசோதரன் கைபேசியை எடுத்து வீடியோ பிடிக்கத் தொடங்கினான்.

"ஓட்டோபைலட்டைப் போட்டிட்டுக் கையை எடுங்கோ கப்டன். இனி அது பாத்துக்கொள்ளும்."

எட்வேட் கையை மடியில் வைத்துக்கொண்டார். சும்மா இருந்து பழக்கமில்லாத கை, பெண்வீட்டில் மாப்பிள்ளை முதல்நாள் இருப்பதுபோல இருந்தது.

"அந்தா, மன்னார்ப் பெரிய கோயில்!" என்றார் ரீச்சர். கண்ணை இறுக்கி மூடிச் சிலுவை போட்டார். யசோதரன் "எங்க, எங்க?" என்று கைபேசியை யன்னலுக்குத் திருப்பினான்.

டிங் என்றது திரை. ஒரு பெண்குரல் மிகவும் பணிவாக ஆங்கிலத்தில், பாதையை மாற்றவா என்று கேட்டது.

"வேண்டாம்" என்றார் எட்வேட்.

"வாயால சொன்னா கேக்காது கப்டன், தொட்டுச் சொல்லுங்கோ."

தொட்டார். வேண்டாம் என்பது உறுதிதானா என்று கேட்டாள். ஓம் என்று தொட்டார். அப்படியானால் வேறு இடம் ஏதும் தெரிவுசெய்ய விருப்பமா என்று கேட்டாள்.

"என்ர மனிசிகூட இவ்வளவு கேக்கிறேல்லை!"

"கீழ ஒரு சின்னக் கட்டம் கிடக்கும், 'இனிக் கேட்காதே' எண்டு. அதைத் தொட்டுவிடுங்கோ. பிறகு தொந்தரவில்லை."

எட்வேட் கண்ணாடியை மூக்கில் ஏற்றி, கட்டத்தைத் தேடித் தொட்டார். பெண் வாயை மூடினாள். நிம்மதி. கீழே கடல் பச்சையும் நீலமுமாகக் கிடந்தது.

அந்த நிம்மதி மூன்று நிமிடம் இருந்தது.

"கீரிக் கோயில் வருது!" ரீச்சர் கண்ணை மூடினார். யசோதரன் யன்னலுக்குத் திரும்பினான்.

விமானம் வலப்பக்கம் சரிந்தது. சரிந்த வேகத்தில் மர்சூக்கின் தொப்பி மடியில் விழுந்தது. பெண் ஒன்றும் கேட்கவில்லை. பாதை மாற்றப்பட்டது என்று மட்டும் சொன்னாள்.

"கப்டன், எங்க போறம்?"

எட்வேட் திரையைப் பார்த்தார். "இலுப்பைக்கடவை எண்டு போட்டிருக்கு."

"எங்கட ஊருக்கோ? அங்க இறங்கிறதுக்கு எங்கட மாமா ஏரம்புவின்ர வயல்தான் இருக்கு! ஏன் அங்க போறியள்?"

"நான் போறனோ? இது போகுது!"

"நீங்கள் ஏதும் தொட்டனீங்களோ?"

"தொடயில்லைத் தம்பி! அந்தோனியார் அறியச் சொல்லுறன், நான் தொடயில்லை!"

மர்சூக் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

"கண்ணாடி அழுக்கா இருக்கும்" என்றார் ரீச்சர். "இந்தாங்கோ, லேஞ்சி. ஓடிகலோன் போட்டது."

எட்வேட் பாதையைப் பழையபடி போட்டுவிட்டு, அந்தக் கைக்குட்டையால் திரையை அழுத்தித் துடைத்தார். துடைக்கத் துடைக்கப் படம் சுருங்கியது. மன்னார் ஒரு புள்ளியானது. இலங்கை ஒரு கச்சான் கடலை அளவுக்கு வந்தது. இடது மூலையில் ஆபிரிக்கா தெரிந்தது.

"என்ன கப்டன் செய்யிறியள்!"

"துடைக்கிறன்!"

"துடைக்கேக்க விரல் பட்டிட்டுது."

"விரல் படாம என்னெண்டு துடைக்கிறது? முழங்கையாலயோ?"

"சரி, ரெண்டு விரலை வைச்சு விரியுங்கோ, பெரிசாகும்."

எட்வேட் விரித்தார். ஆபிரிக்கா பெரிதானது.

"விடுங்கோ, தொடாதேங்கோ!" யசோதரன் அலறினான். "பாதை சரியா இருக்கு. அப்படியே விடுங்கோ. கையை மடியில வையுங்கோ."

வைத்தார். பேசாலை வந்தது. கரையெல்லாம் படகுகள், கருவாடு காயும் பாய்கள். புதுக் கூரைகளுக்கு நடுவே தன் கூரையை எட்வேட் தேடிப் பிடித்துவிட்டார். முற்றத்தில் றொசானா சிவப்புச் சீலையொன்றை இரண்டு கையாலும் தூக்கி ஆட்டிக்கொண்டு நின்றாள். மேலிருந்து பார்க்க ஒரு மிளகாய்ப்பழம் அளவுதான் இருந்தாள்.

"எங்கட மாதா கோயில்!" ரீச்சர் மறுபடி கண்ணை மூடினார். யசோதரனின் கைபேசி யன்னலோடு ஒட்டியது.

டிங்.

இடப்பக்கச் சிறகு கீழே போனது. பேசாலையும் றொசானாவும் சிவப்புச் சீலையும் ஒன்றாகச் சுழன்று பின்னால் போயின. புதிய பாதை, மாலே, என்றாள் அந்தப் பெண். பயண நேரம் நாலு மணித்தியாலம் ஐந்து நிமிடம்.

யசோதரன் கைபேசியை இறக்கினான்.

"கப்டன்." யசோதரன் மெல்லக் கேட்டான். "உங்களுக்கு அங்க திரும்பிப்போகத்தான் விருப்பமெண்டா நேராச் சொல்லலாம்."

"தம்பி! கீழ என்ர மனிசி நிக்கிறாள்! நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாலைதீவுக்குப் போவனோ?"

"ஸ்கிரீன் தானா மாலே எண்டு போடுமோ?"

"அதைத்தான் நானும் கேக்கிறன்! ஓட்டோவை நிப்பாட்டுவம். நான் கையால ஓட்டுறன்."

"கையால ஓட்டினா என்ர அறிவித்தலை எங்க கொண்டுபோய் ஒட்டுறது? ஸ்கிரீனோட ஒத்துப்போகத் தெரியாட்டி நான் வேற ஆளைத்தான் பாக்கவேணும். சொல்லிப்போட்டன்."

"எனக்கு மாலேயில சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை" என்றார் ரீச்சர்.

"பெற்றோலும் இல்லை ரீச்சர், பயப்பிடாதேங்கோ" என்றார் எட்வேட்.

யசோதரனுக்கு ஒரு வழி தெரிந்தது. எல்லாப் பழுதுக்கும் தெரிந்த அதே வழி. "ஒருக்கா நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடுங்கோ."

நிறுத்திப் போட்டார். திரை கறுத்து, வெளுத்து, வணக்கம் சொல்லி, எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டது. அதற்குப் பதில் சொல்லி, தலைமன்னாரைத் தேடிப் போட்டு முடிய எட்வேட்டின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் விமானம் சொன்னபடி கேட்டது. நேராகப் போனது. யசோதரன் மறுபடி வீடியோவைத் தொடங்கி, "பாருங்கோ நண்பர்களே, கையே படாமல்" என்றுகூடச் சொன்னான்.

"தலைமன்னார்க் கோயில்!" என்றார் ரீச்சர்.

டிங். இராமேஸ்வரம்.

தீவு முடிந்தது. கடலில் மணல்திட்டுகள் ஒவ்வொன்றாகக் கீழே கழிந்தன. வானொலியில் கட்டுப்பாட்டு நிலையத்துக் குரல் ஒன்று வந்தது. தூக்கத்திலிருந்து எழும்பிய குரல். எங்கே போகிறீர்கள், யாரிடம் அனுமதி எடுத்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டது.

"நாங்கள் போகயில்லை சேர்" என்றார் எட்வேட். "பிளேன் போகுது."

"விமானத்தை ஓட்டுவது யார்?"

எட்வேட்டுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போனது. இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு நியாயமான கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"நான்தான்" என்று சொல்லி, தானியங்கியை நிறுத்தி, திரையையும் அணைத்தார். யசோதரன் பின்னால் ஏதோ கத்தினான். எட்வேட் காதில் வாங்கவில்லை. விமானத்தை ஒரு வட்டம் திருப்பி, தலைமன்னார்க் கலங்கரை வெளிச்சவீட்டைப் பிடித்து, கரையோரமாகவே வந்தார். ஓடுபாதையில் சில்லுப் பட்டது ரீச்சருக்குத் தெரியவேயில்லை. "எப்ப தம்பி இறங்கிறது?" என்று நின்ற பிறகு கேட்டார்.

யசோதரன் இறங்கி விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"கப்டன், நான் சொன்னதுகளை மனசில வைக்காதேங்கோ. நீங்கள் கை வைச்சதாலதான் நாங்கள் இஞ்ச நிக்கிறம். வேலை உங்களுக்குத்தான். நாளைக்கே வாங்கோ. அந்தச் சனியனைக் கழட்டி அனுப்புறன்."

எட்வேட்டின் கைபேசி அலறியது. றொசானா.

"வந்த வேகத்தில முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டீங்கள், ஏன்? சீலை பிடிக்கேல்லையோ?"

"வேலை கிடைச்சிட்டுது, றொசானா!"

 அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். "பெட்டியை ஆருக்கும் குடுத்திடட்டோ?"

"குடு. இப்பவே குடு!"

யசோதரன் அதற்குள் திரை விற்ற கொழும்புக் கடைக்காரனைப் பிடித்திருந்தான். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று கைபேசியைச் சத்தமாக விட்டான்.

"பழுதான சாமானை என்ர தலையில கட்டியிருக்கிறியள்! நாலு பேரின்ர உயிர் போகப் பாத்தது!"

"சேர், அது தானா மாறாது. யாரோ தொட்டிருக்கணும்."

"ஒருத்தரும் தொடயில்லை!" என்றார் எட்வேட், கைபேசிக்கு நேரே குனிந்து. இருபத்திரண்டு வருட மரியாதை முழுவதும் அந்தக் குரலில் இருந்தது. "இருபத்திரண்டு வருசமாப் பிளேன் ஓட்டுறவன் சொல்லுறன். என்ர கை மடியில கிடந்தது. வேணுமெண்டா எனக்குப் பக்கத்தில இருந்தவரைக் கேளும். மர்சூக் நானா, நீங்கள் பொய் சொல்லாத மனிசன். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கோ."

யசோதரன் கைபேசியை நீட்டினான். மர்சூக் தொப்பியைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்து, எட்வேட்டை ஒருமுறை மன்னிப்புக் கேட்பதுபோலப் பார்த்தார்.

"தம்பி, ஒவ்வொரு கோயில் வரக்குள்ளயும் கப்டன்தான் அந்தக் கண்ணாடியத் தொட்டுத் தொட்டு விரல வாயில வச்சுக் கொஞ்சினவர், அது அவங்கட வேதக் காரியம், நான் என்னத்துக்குக் குறுக்க பேசுவான் எண்டுதான் சும்மா இருந்தனான்."